பெயர்க் கட்டம்

மார்ச் 3

மதிப்புக்குரிய இணைப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

நம் ஆங்கிலம்-தமிழ் அகராதியின் 'எம்' எழுத்து அச்சுக்குப் போய்விட்டது. 'என்' எழுத்தின் முதல் தாள்கட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 'நேம்' என்ற சொல்லுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்கிறார் முதலாளி. ஆங்கிலத்தில் பெயருக்கே எத்தனை பெயர் என்று மாணவர்கள் குழம்பிப்போகிறார்களாம். ஆகவே சர்நேம், நிக்நேம், மெய்டன் நேம், பென் நேம், ஏலியஸ், டைட்டில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் ஓர் உதாரண வாக்கியமும் எழுதியிருக்கிறேன். பார்த்துத் திருத்தவும்.

உதாரண வாக்கியங்களைப் பற்றி முதலாளியிடமிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது. நேற்று என்னை அறைக்குக் கூப்பிட்டார். 'எச்' முதல் 'எம்' வரை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். பல இடங்களில் சிவப்புக் கோடு.

"சார், நம்ம அகராதியில எந்தப் பொண்ணைப் பாத்தாலும் வீட்டை விட்டுப் போறாளே, ஏன் சார்?" என்றார்.

'கீ' என்ற சொல்லுக்கு, 'சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.' 'லீவ்' என்ற சொல்லுக்கு, 'அவள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.' 'லக்கேஜ்' என்ற சொல்லுக்கு, 'அவளிடம் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது.' 'மிஸ்' என்ற சொல் வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகத் திருப்பினார். உதாரணங்கள் அன்றாட வழக்கிலிருந்து வர வேண்டும் என்பது அகராதி விதி என்று விளக்கினேன். போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றார். அவர் வியாபாரி. அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆனால் பழி முழுவதும் என்மேல் விழுவது முறையல்ல என்பதைப் பதிவு செய்கிறேன். 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லுக்கு, 'அவர் அப்போதும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதியது நானல்ல.

வேறொரு விஷயம். நகராட்சியின் பிறப்புப் பதிவுப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. நம் குழந்தையின் பிறப்புப் பதிவில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதாம். ஜூன் மாதத்துக்குள் நிரப்பாவிட்டால் அந்தக் கட்டம் நிரந்தரமாக மூடப்படும். இறப்புப் பதிவு அடுத்த அறையில் நடக்கிறது. ஆகவே இந்த அறைக்கு அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். நிரப்புவதானால் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தகவலுக்காக.

இப்படிக்கு,
முதன்மைப் பதிப்பாசிரியர்

*

மார்ச் 12

முதன்மைப் பதிப்பாசிரியருக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. அக்கா வீட்டில் எனக்கென்று மேசை கிடையாது. தையல் மெஷினை மூடி அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். யாராவது கால் வைத்தால் 'என்' எழுத்து முழுவதும் ஆடுகிறது.

கடிதத்தில் என்னை 'அவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'நீ'யாக இருந்தேன். வீட்டை விட்டு வந்ததும் மரியாதை கூடியிருக்கிறது. இது முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பியிருப்பேன். அக்காவிடம் காட்டினேன். "இன்னும் ரெண்டு ஊர் தள்ளிப் போயிருந்தா 'தாங்கள்'னு எழுதியிருப்பாரு" என்றாள்.

திருத்தங்களுக்கு வருகிறேன்.

ஏலியஸ்: 'கணவனுக்குத் தெரியாமல் அவள் விடுதியில் வேறு பெயரில் அறை எடுத்தாள்.' நான் விடுதியில் தங்கியது உண்மை. அன்றைக்கு அக்கா ஊரில் இல்லை. தங்கியது என் சொந்தப் பெயரில். அடித்துவிட்டேன். பதிலாக: 'அந்தத் திருடனுக்கு மூன்று பெயர்கள், மூன்றும் போலீசாருக்குத் தெரியும்.'

மெய்டன் நேம்: 'கல்யாணத்துக்கு முந்தைய பெயரை அவள் மறக்கவே இல்லை.' இதைக் குறையாகச் சொல்கிறீர்களா, நிறையாகச் சொல்கிறீர்களா என்று தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

டைட்டில்: 'பட்டங்கள் பெற்றவருக்குப் பெயர் தேவையில்லை.' இது உதாரணம் இல்லை, மேடைப் பேச்சு. மைக்கோடு சேர்த்து அடித்துவிட்டேன்.

பென் நேம்: 'சொந்தப் பெயரில் சொல்லப் பயந்ததை அவர் புனைபெயரில் சொன்னார்.' நன்றாக இருக்கிறது.

நிக்நேமுக்கு விளக்கம் இருக்கிறது, உதாரணம் இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

நகராட்சித் தாள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. குழந்தை பிறந்தபோது நாம் 'ஜி' முடித்து 'எச்' தொடங்கியிருந்தோம். அறுவை முடிந்து நான் மேல்மாடி வார்டில். அவள் கீழே, கண்ணாடிப் பெட்டியில். நீங்கள் இரண்டுக்கும் நடுவே பெயர்களைச் சுமந்துகொண்டு படி ஏறி இறங்கினீர்கள். ஒரு நதியின் பெயரைக் கொண்டுவந்தீர்கள். கோடையில் வற்றிவிடுமே என்றேன். நான் ஒரு பூவின் பெயரைச் சொன்னேன். தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள் என்றீர்கள். வெளிச்சம் என்ற பொருளில் ஒன்று அகப்பட்டது. அந்தப் பொருளில் அது எந்த நூலில் வருகிறது என்று கேட்டேன், நான்தான் கேட்டேன். பழைய அரசி ஒருத்தியின் பெயர் உங்களுக்குப் பிடித்திருந்தது. அவள் கணவனைக் கொன்றவள் ஆயிற்றே என்றேன். அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுவிட்டு நூலகத்துக்கே போய்விட்டீர்கள். நீங்கள் ஆதாரத்தோடு திரும்பி வந்தபோது பெயரே தேவைப்படவில்லை.

சரியான சொல் கிடைக்கும்வரை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் நமக்குள் எப்போதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேர் உட்கார்ந்து பெயர்களுக்கு ஒரு பக்கம் எழுதுகிறோம். அது போதும். அந்தப் பதிவில் நாம் நேர்மையாக விட்டு வைத்தது அந்த ஒரு கட்டம்தான்.

இப்படிக்கு,
இணைப் பதிப்பாசிரியர்

*

மார்ச் 24

இணைப் பதிப்பாசிரியருக்கு,

திருத்தங்களை ஏற்கிறேன். முதலாளிக்குத் திருடனை மிகவும் பிடித்துவிட்டது. "இப்படி எழுதுங்க சார், படிக்கிறவனுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். டைட்டிலுக்கு வேறு உதாரணம் எழுதியிருக்கிறேன். அதில் மைக் இல்லை.

நிக்நேம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருவருடைய பெயருக்குப் பதிலாக மற்றவர்கள் பிரியத்தாலோ கேலியாகவோ வைத்து அழைக்கும் பெயர் என்று விளக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை. மை இருந்தது.

அரசியைப் பற்றி: அவள் கணவனைக் கொல்லவில்லை. அவன் காய்ச்சலில் போனான். இதைச் சொல்ல அப்போது சந்தர்ப்பம் அமையவில்லை. பதிவுக்காக இப்போது சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று நகராட்சிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். காலியாக விடுவதற்கும் ஆஸ்பத்திரிப் பதிவு எண் வேண்டுமாம். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவருக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். மற்றபடி அந்த வார்டு அப்படியே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளும் அதே வரிசையில் இருக்கின்றன. அன்றைக்கு இருந்த நர்ஸே இன்றைக்கும் இருந்தார். பால் அளந்துகொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தேதி சொன்னேன், தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன், அதுவும் தெரியவில்லை. குழந்தையின் பெயரைக் கேட்டார். வைக்கவில்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அட, நம்ம ஜட்ஜம்மாவோட அப்பாவா?"

அந்த வார்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அவர் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். இப்போது அங்கே ஒரு பயில்வான், ஒரு பாடகி, ஓர் இன்ஸ்பெக்டர் படுத்திருக்கிறார்கள். நம் குழந்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, யார் வந்தாலும் வழக்கை ஒத்தி வைத்ததுபோலப் பார்க்குமாம். அதனால் அந்தப் பெயர். 'கோர்ட் கூடியாச்சு, எல்லாரும் எந்திரிங்க' என்று சொல்லித்தான் பால் கொடுப்பாராம். நான் ஒரு நாள் அவரிடம், பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம், நாளைக்குள் நல்ல பெயராக வைத்துவிடுவோம் என்று சொன்னேனாம்.

"அதுக்கப்புறம் எத்தனையோ குழந்தை வந்து போயாச்சு சார். அந்தப் பேரை மட்டும் நான் வேற யாருக்கும் வைக்கல" என்றார். பிறகு பயில்வான் அழ ஆரம்பித்ததால் போய்விட்டார்.

எண்ணை வாங்கிக்கொண்டேன். பதிலை இன்னும் எழுதவில்லை. தகவலுக்காக.

இப்படிக்கு,
முதன்மைப் பதிப்பாசிரியர்

*

ஏப்ரல் 5

உங்களுக்கு,

தகவலுக்காக என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு அது தகவல் இல்லை. நீங்கள் பெயர் தேடிப் போயிருந்த நேரங்களில் அந்த நர்ஸ் மேலே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். 'ஜட்ஜம்மா இன்றைக்குப் பால் முழுவதையும் குடித்துவிட்டார்கள்.' 'ஜட்ஜம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.' என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கொண்டுபோனபோது நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து. திரும்பிப் பார்த்தாள் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. உங்களைப் போலவே எனக்கும் ஆதாரமில்லாமல் ஒன்றைச் சொல்ல வராது. உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திக்கொள்வேன். உங்களுக்குப் பட்டப்பெயர் பிடிக்காது.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு 'ஜே' எழுத்தைத் தேடி எடுத்தேன். 'ஜட்ஜ்' என்ற சொல்லுக்கு நீங்கள் எழுதிய உதாரணம் இது: 'நீதிபதி எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.' அதைப் பிழை பார்த்தது நான்தான். நீதிபதி கண்ணை மூடினால் வழக்கு என்ன ஆவது என்று ஓரத்தில் எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். என் கையெழுத்துத்தான். நீங்கள் பதில் எழுதவில்லை. வாக்கியத்தை மாற்றவும் இல்லை. பிறகு 'கே' வந்தது, நான் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன்.

அழுதுவிட்டால் நல்லது என்று அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருந்தது. பஸ் வரவில்லை. அக்கா துணி மடிக்கப் போய்விட்டாள். நானும் போய்ப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

கட்டத்தை நிரப்பலாம். அந்தப் பெயரைப் போடுவதானால் கையெழுத்துப் போடுகிறேன். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இதைவிடச் சிறந்த பெயர் கிடைத்தாலும் வேண்டாம்.

அது பெயரில்லை, பதவி என்று சொல்வீர்கள். சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்

*

ஏப்ரல் 19

உங்களுக்கு,

நான் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக நகராட்சி எழுத்தர் சொன்னார்.

அந்த அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பு. அதில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. நிமிர்ந்து நின்றால் வாய் எட்டாத அளவுக்குத் தாழ்வாக அதை வைத்திருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே நாம் குனிந்துவிடுகிறோம். குனிந்து விண்ணப்பத்தைக் கொடுத்தேன். படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது பேர் இல்ல சார், பதவி."

ஒருவரைச் சுட்டுவதற்கு மற்றவர்கள் தொடர்ந்து வழங்கும் சொல் எதுவோ அது பெயர் என்றேன். நம் அகராதியின் விளக்கம் அது.

"அப்படிப் பாத்தா எங்க ஆபீசருக்கு நாங்க ஒண்ணு வழங்குறோம் சார். அதை எழுதிட முடியுமா?"

ஆங்கிலேயர்களில் எத்தனையோ பேர் தையல்காரர், கொல்லர், தச்சர் என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஜட்ஜ் என்றேகூட உண்டு, அவர்களில் யாரும் தைப்பதுமில்லை, தீர்ப்புச் சொல்வதுமில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர்கள் ஊரில் வைத்துக்கொள்ளட்டும் என்றார். டைட்டிலுக்கும் பெயருக்கும் உள்ள எல்லை காலப்போக்கில் அழிந்துவிடும் என்றேன். தன் கவுண்டரில் அது அழியவில்லை என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். இத்தனை நாளும் அந்த எழுத்தரின் கட்சியில் இருந்தவன் நான் என்பது நடுவில் எப்போதோ உறைத்தது.

"இவ்ளோ பேசுறீங்களே, நீங்க யாரு சார்?"

"அகராதிப் பதிப்பாசிரியர்."

"அது சரி. குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?"

அப்பா என்றேன். அந்தச் சொல்லை என்னைக் குறித்து என் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. 'எஃப்' எழுத்தில் 'ஃபாதர்' என்ற சொல்லுக்கு நான் எழுதிய விளக்கத்தில் பிழை ஒன்றுமில்லை. உதாரணம்தான் போதாது.

எழுத்தரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கோச்சுக்காதீங்க சார். பாப்பா ஸ்கூலுக்குப் போகும்போது மத்த பசங்க கேலி பண்ணுவாங்க, அதுக்குத்தான் சொல்றேன். இப்ப ஸ்கூல்ல சேத்தாச்சா?" என்றார்.

அடுத்த அறையில் கேளுங்கள் என்றேன்.

எழுந்து போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். விண்ணப்பத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஒரு கோப்பில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். தன்னால் இதை ஏற்க முடியாது, அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும், மே மாதம் முதல் திங்கட்கிழமை அம்மாவும் நேரில் வர வேண்டும் என்று சொன்னார். இதைச் சொல்ல அவரும் அந்த ஓட்டைக்குக் குனிந்தார்.

வருவீர்களா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதிகாரிக்காக விளக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர் ஒன்று

*

ஏப்ரல் 26

விண்ணப்பதாரர் ஒன்றுக்கு,

வருகிறேன். வீட்டுக்கு இல்லை, அலுவலகத்துக்கு.

விளக்கக் குறிப்பில் அடிக்குறிப்புகள் வேண்டாம்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர் இரண்டு

*

மே 14

இணைப் பதிப்பாசிரியருக்கு,

சான்றிதழ் தபாலில் வந்துவிட்டது. நகல் இத்துடன் இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. பார்த்தாயிற்று, மறுபடியும் பார்த்தாயிற்று.

நிக்நேமுக்கு உதாரணம் எழுதிவிட்டேன்: 'நர்ஸ் அந்தக் குழந்தைக்கு ஜட்ஜம்மா என்று பட்டப்பெயர் வைத்தார்.' முதலாளி படித்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பிறகு திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அப்ப குழந்தையோட நிஜப் பேரு என்னன்னு பசங்க கேப்பாங்களே" என்றார்.

இதற்கு முடிவு சொல்ல வேண்டியது இணைப் பதிப்பாசிரியர். பக்கம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
முதன்மைப் பதிப்பாசிரியர்

*

மே 20

முதன்மைப் பதிப்பாசிரியருக்கு,

நகல் கிடைத்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, துணி அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள். தாள் சுருளாமல் இருக்குமாம்.

உங்கள் கடிதத்தில் 'நீ' என்பதும் இல்லை, 'நீங்கள்' என்பதும் இல்லை. ஒரு பக்கம் முழுவதும் அப்படி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நகராட்சிக்குப் போன அன்றைக்குப் பஸ் நிலையத்தில் சந்தித்தபோது நீங்கள் இவ்வளவு சிரமப்படவில்லை. "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டது உங்களுக்கே தெரியாது என்று நினைத்து நானும் சும்மா இருந்தேன்.

அன்றைக்கு அந்த அதிகாரியின் மேசையில் உங்கள் விளக்கக் குறிப்பு, அடிக்குறிப்புகளுடன், வைத்தபடியே இருந்தது. அவர் அதைப் பேப்பர் வெயிட்டாகக்கூடப் பயன்படுத்தவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க எப்படிம்மா கூப்பிட்டீங்க?"

நான் சொன்னேன். அவர் எழுதினார். நீங்கள் என் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்வதை முதல் தடவையாகக் கேட்டீர்கள். உங்கள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. என் முகத்திலும் தெரிந்திருக்காது. நெற்றியை மட்டும் சுருக்கியிருந்தீர்கள். அது யாருடைய ஜாடை என்று இவ்வளவு நாளும் யோசிக்கவில்லை.

முதலாளியின் கேள்வி நியாயமானது. அந்த உதாரணம் தவறு. சான்றிதழில் ஏறிவிட்ட பிறகு அது பட்டப்பெயர் இல்லை. நிக்நேமிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் அச்சகத்துப் பையன்கள் முதலாளிக்கு வைத்திருக்கும் பெயரைப் போடலாம். அதற்கு ஆதாரம் நிறையக் கிடைக்கும்.

பக்கத்தின் உச்சியில், 'நேம்' என்ற சொல்லின் முதல் பொருளுக்குக் கீழே, இதைச் சேர்க்கவும்:

'அந்தக் குழந்தையின் பெயர் ஜட்ஜம்மா.'

முதலாளி இதற்குச் சிவப்புக் கோடு போட மாட்டார். இதில் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை.

இப்படிக்கு,
இணைப் பதிப்பாசிரியர்